பல்செட்டும் பால்மரமும்: ஒரு பொருளின் வரலாறு

‘பல் போனால் சொல் போச்சு’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மாணவர்கள் இதை வெறும் கேலிப் பேச்சாக நினைத்துக் கடந்து போய்விடுகிறார்கள். இலக்கணம் படித்தவர்களுக்கு இது ஒலியியல் உண்மை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பிறப்பியலில், ஒலி பிறக்க உதவும் எட்டு இடங்களைக் கூறுகிறார்: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைத் தொடும்போது தகரமும் நகரமும் பிறக்கின்றன. பல்லும் இதழும் சேரும்போது வகரம் பிறக்கிறது. முன்பல் விழுந்த பெரியவர் ‘வாத்தியார்’ என்று சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். வகரம் காற்றாகிப் போயிருக்கும். தகரமும் பிடி இல்லாமல் வழுக்கும்.

அப்படிப் போன பல்லுக்குப் பதிலாக மனிதன் என்ன செய்தான்? அதுதான் இக்கட்டுரையின் பொருள். கழற்றி மாட்டும் பல், அதாவது நாம் ‘பல்செட்’ என்று சொல்வது, சின்னப் பொருள்தான். ஆனால் அதன் வரலாறு நம் தோட்டப்புறங்கள் வழியாகவே போகிறது. படிக்கும்போது இரண்டு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அது எதனால் செய்யப்பட்டது? இரண்டாவது, அது வாயில் எப்படித் தங்கியது? பெரும்பாலான நூல்கள் முதல் கேள்விக்குத்தான் நிறைய இடம் ஒதுக்கும். பல்செட் போட்டவர்களுக்கோ இரண்டாவது கேள்விதான் தினசரிப் பாடு.

செதுக்கிய காலம்

ஜப்பானின் வக்கயாமா பகுதியில் நக்கவோக்கா தெய் என்ற பௌத்தத் துறவி 1538இல் இறந்தார். அவர் அணிந்திருந்த மரத்தாலான மேல்வாய்ப் பல்செட் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அண்ணத்தின் வடிவத்துக்குப் பொருந்துமாறு மரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். மெல்லிய எச்சில் படலத்தின் பிடியிலேயே அது வாயில் தங்கியது. ஈரமான இரண்டு கண்ணாடித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பிரித்துப் பாருங்கள். பக்கவாட்டில் நகரும், நேராக இழுத்தால் வராது. அதே விதிதான் இது.

ஐரோப்பியர் இந்த விதியைப் பிடிக்க வெகுகாலமானது. பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1728இல் பல் மருத்துவத்துக்கென்றே பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அக்காலத்தில் மேல்செட்டையும் கீழ்செட்டையும் சுருள்வில்லால் இணைப்பார்கள். வில் எந்நேரமும் வாயைத் திறக்கப் பார்க்கும். அணிந்தவர் தாடையை இறுக்கி மூடிக்கொண்டே இருக்க வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் அமெரிக்காவின் முதல் அதிபராகப் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அவருக்கு மரப்பல் இருந்தது என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயம் ஆகியவற்றால்தான் அவருடைய செட்டுகள் செய்யப்பட்டன. 1815இல் வாட்டர்லூ போரில் மாண்ட வீரர்களின் பற்களைப் பிடுங்கி விற்றார்கள். அவை ‘வாட்டர்லூ பற்கள்’ என்ற பெயரிலேயே பேசப்பட்டன.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தந்தம் கடினமானது. அதை வாய்க்கேற்பச் செதுக்கத்தான் முடியும், வார்க்க முடியாது. அதனால் ஒரு செட் செய்யப் பல நாள் ஆகும், விலையும் ஏறும். பொருந்தாத செட்டும் எட்டாத விலையும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை.

மயக்க மருந்தும் ரப்பரும்

இந்த நிலையை மாற்றியவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சேர்ந்து வந்த இரண்டு கண்டுபிடிப்புகள். காரண காரியத் தொடர்பு எழுதப் பழகும் தேர்வு மாணவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

முதலாவது, மயக்க மருந்து. பாஸ்டன் நகரின் பல் மருத்துவர் வில்லியம் மோர்ட்டன் 1846இல் ஈதரைப் பயன்படுத்தி வலியில்லாமல் பல் பிடுங்கிக் காட்டினார். செயற்கைப் பல் கட்டுவது அவருடைய தொழில். பழைய வேர்களைப் பிடுங்கினால்தான் செட் சரியாக உட்காரும். வலிக்குப் பயந்து பலர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஈதர் வந்ததும் அந்தத் தடை நீங்கியது.

இரண்டாவது, ரப்பர். சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறும் என்று கண்டார். கந்தகத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூட்டினால் ரப்பர் கல்லைப்போல் கெட்டியாகும். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் இந்தக் கெட்டி ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். இதற்கு ‘வல்கனைட்’ என்று பெயர். சூடாக்கும் முன் மாவுபோல் இளகியிருப்பதால் வாயின் அச்சுக்குள் அழுத்தலாம். சூடாக்கிய பின் அந்த அச்சின் வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். செதுக்கும் காலம் முடிந்து வார்க்கும் காலம் தொடங்கியது. பொருத்தமும் கூடியது, விலையும் இறங்கியது. கடைக்காரரும் ஆசிரியரும் பல்செட் போட முடிந்தது.

இலாபம் இருக்கும் இடத்தில் வழக்கும் வரும். வல்கனைட்டால் பல்செட் செய்யும் முறைக்கு 1864இல் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. அதைக் கையில் வைத்திருந்த நிறுவனம் பல் மருத்துவர்களிடம் உரிமக் கட்டணம் வசூலித்தது. கட்டாதவர்கள்மேல் வழக்குப் போட்டது. 1879இல் அந்நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கனை, வழக்கால் நொந்துபோன சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் சுட்டுக் கொன்றார். 1881இல் காப்புரிமை காலாவதியானது. அதன்பின் வல்கனைட் எல்லாருக்கும் பொதுச் சொத்தானது.

நம் தோட்டத்துப் பால்

இந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் பிரேசில் காடுகளிலிருந்து. ஹென்றி விக்கம் 1876இல் அங்கிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். 1877இல் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். 1896இல் டான் சே யான் மலாக்காவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் உலக ரப்பர் விளைச்சலில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்.

அந்த ரப்பரில் பெரும்பங்கு வாகனச் சக்கரங்களுக்குத்தான் போனது. பல்செட்டுக்குப் போனது மிகச் சிறு பங்கே. ஆனாலும் 1910 முதல் 1930கள் வரை உலகெங்கும் வாய்க்குள் இருந்த செவ்வண்ண ஈறுகள் ரப்பரால் ஆனவை, அந்தக் காலத்து ரப்பரில் மலாயாவின் பங்கு மிகப் பெரியது என்ற இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பாருங்கள். விடியற்காலையில் கித்தா மரத்தைச் சீவி, கோப்பையில் சொட்டிய பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தவருக்கு, அது கடல் கடந்து எவருடைய வாயிலோ ஈறாகும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பல் மருத்துவத்துக்கு இந்த மண் தந்தது ரப்பர் மட்டுமா? ‘கட்டா பெர்ச்சா’ என்ற பெயரைப் பாருங்கள். ‘கெத்தா’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. நம் ‘கித்தா’வும் அதே சொல்தான். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மான்ட்கமரி 1843இல் இந்தப் பிசினை மேல்நாட்டவருக்கு அறிமுகப்படுத்தினார். வேர் சிகிச்சை செய்த பல்லின் உள்ளே அடைக்க இன்றும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

செந்தூல் பட்டறைக்காரருக்குப் புரியும் வேலை

பல்செட் எப்படிச் செய்கிறார்கள் என்பதை மாணவர்களுக்கு விளக்க, செந்தூலை எடுத்துக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இரயில்வேயின் மத்தியப் பட்டறை எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழர்கள் வேலை செய்து குடும்பம் நடத்திய இடம் இது. இன்று பட்டறை இடம் மாறிவிட்டது. பழைய கட்டடம் ஒன்றில் 2005 முதல் கலையரங்கம் நடக்கிறது. ஆனால் ‘ஃபிட்டர்’ என்ற சொல்லின் அர்த்தம் செந்தூல் குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் உட்காரும்வரை தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பவர்தான் ஃபிட்டர்.

பல்செட் வேலையும் அப்படித்தான். முதலில் வாயை அச்செடுப்பார்கள். அந்த அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, வாயின் நகலைச் செய்வார்கள். அதன்மேல் மெழுகால் ஈறு அமைத்து, அதில் பற்களை வரிசையாகப் பதிப்பார்கள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் எந்த உயரத்தில், எந்த நிலையில் சந்திக்கின்றன என்று அளப்பார்கள். மெழுகுச் செட்டை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்துச் சரியென்றால், அதை ஓர் உலோகப் பெட்டிக்குள் ஜிப்சத்தில் புதைப்பார்கள். சூடுநீரில் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் ஈறுக்கான பொருளை அழுத்திச் சூடாக்குவார்கள். மெழுகை உருக்கி ஐம்பொன் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளின் முறைக்கு இது நெருங்கிய உறவு.

பொருள் மட்டும் பின்னர் மாறியது. வல்கனைட் கருஞ்சிவப்பாக இருக்கும், நாளாக ஆக நாற்றம் பிடிக்கும். 1937 வாக்கில் அக்ரிலிக் என்ற நெகிழி வந்தது. தூளையும் திரவத்தையும் பிசைந்தால் ரொட்டி சானாய் மாவுபோல் வரும். நிறமும் ஈறுபோலவே இளஞ்சிவப்பு. சில ஆண்டுகளிலேயே ரப்பர் ஈறு மறைந்தது. ஆனால் அச்செடு, மெழுகில் அமை, வாயில் பார், வார், தேய்த்துப் பொருத்து என்ற வரிசை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. கணினியில் வடிவமைக்கும் இடங்களிலும் வாயில் வைத்துப் பார்க்கும் வேலை ஒழியவில்லை.

எங்கே இடைவெளி, எது தாங்கும்?

எல்லாப் பல்லும் போனால் முழுச் செட். சில பல் மட்டும் போனால் பகுதிச் செட். இதை வடிவமைப்பதுதான் கடினம். எட்வர்ட் கென்னடி 1925இல் இதற்கு ஒரு வகைப்பாடு தந்தார். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைத்தான் படிக்கிறார்கள்.

முதல் வகை: இரு பக்கமும் கடைவாய்ப் பற்கள் இல்லை. இரண்டாம் வகை: ஒரு பக்கம் மட்டும் கடைவாய்ப் பற்கள் இல்லை. மூன்றாம் வகை: இடைவெளியின் முன்னும் பின்னும் சொந்தப் பல் இருக்கிறது. நான்காம் வகை: நடுக்கோட்டைத் தாண்டி முன்பற்கள் இல்லை.

ஏன் இந்தப் பிரிவு? மூன்றாம் வகையில் செட்டுக்கு இரு முனையிலும் தூண் இருக்கிறது, பாலம்போல் நிற்கும். முதல் இரண்டு வகைகளில் ஒரு முனை வெறும் ஈறின்மேல் உட்காருகிறது. பல் மிக மிகக் குறைவாகவே அமுங்கும், ஈறு அதைவிட அதிகமாக அமுங்கும். அதனால் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் செட் ஊஞ்சல்போல் ஆடப் பார்க்கும். அந்த ஆட்டத்தைக் குறைக்கத்தான் கவ்வியை எந்தப் பல்லில் மாட்டுவது, எங்கே தாங்கி வைப்பது, ஈறில் எவ்வளவு தூரம் பரப்புவது என்றெல்லாம் யோசிக்கிறார்கள். யோசிக்காமல் மாட்டிய கவ்வி, இருக்கிற நல்ல பல்லையும் ஆட்டிப் பிடுங்கிவிடும்.

முன்பல்லை வைக்கும் இடத்தைச் சோதிக்க மருத்துவர்கள் பேச்சையே கருவியாக்குகிறார்கள். ஆங்கிலம் பேசுபவர்களை ‘ஃபிஃப்டி ஃபைவ்’ என்று சொல்லச் சொல்வார்கள். அப்போது மேற்பல்லின் முனை கீழுதட்டை இலேசாகத் தொட வேண்டும். பல்லும் இதழும் இயையும் அதே இடம். தொல்காப்பியர் வகரத்துக்குச் சொன்ன இடம்! நாம் வகுப்பில் மனப்பாடம் செய்ய வைக்கும் பிறப்பியல், மருத்துவரின் நாற்காலியிலும் வேலை செய்கிறது.

‘வலிக்குது, கழட்டி வச்சிட்டேன்’

நம் வீட்டுப் பெரியவர்கள் பலரிடம் கேட்கும் வாசகம் இது. பல்லு கட்டிட்டு வருவாங்க, ஒரு வாரம் போடுவாங்க, அப்புறம் செட் டம்ளருக்குள் போய்விடும். கேட்டால், ‘நம்ம வாய்க்கு ஒத்துக்கல’ என்பார்கள். அதைத் தலைவிதி என்று விட்டுவிடக் கூடாது. செட்டைக் கொடுத்த அன்றே வேலை முடிந்துவிடுவதில்லை. இரண்டு மூன்று முறை போய்த் திருத்திக்கொள்வது இயல்பான நடைமுறை.

ஒரே இடத்தில் புண் வந்தால், அங்கே செட் அதிகம் அழுத்துகிறது என்று பொருள். மருத்துவர் பசை தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டும் தேய்த்துவிடுவார். வாயைத் திறந்தாலே மேல்செட் விழுந்தால், ஓரம் நீளமாக இருந்து கன்னத்தசை தள்ளுகிறதா, ஓரம் குட்டையாக இருந்து காற்று புகுகிறதா என்று பார்ப்பார். பேசும்போது பல்லோடு பல் ‘டக் டக்’ என்று மோதினால், செட்டின் உயரம் கூடியிருக்கலாம். குமட்டல் வந்தால், பின் ஓரத்தைச் சோதிக்க வேண்டும். கீழ்செட் எப்போதும் மேல்செட்டைவிடக் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதற்குப் பரப்பும் குறைவு, நாக்கும் தள்ளும்.

முதலில் நன்றாக இருந்து, சில ஆண்டு கழித்துத் தளர்ந்தால்? செட் சுருங்கவில்லை, தாடை எலும்பு தேய்ந்திருக்கிறது. பல் பிடுங்கிய முதல் ஆண்டில் எலும்பு வேகமாகக் கரையும், பிறகும் மெதுவாகக் கரைந்துகொண்டே இருக்கும். அதற்கு உட்புறம் புதிய அடுக்கு இடும் முறை உண்டு. வீட்டிலேயே அரத்தால் தேய்ப்பதும் பசை வாங்கி ஒட்டுவதும் கேடு. இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும்; கொதிநீரில் போட்டால் அக்ரிலிக் கோணும். இரவும் பகலும் போட்டே இருந்தால் அண்ணத்தில் பூஞ்சை படிந்து சிவக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். செட்டைத் திருத்திய பிறகும் இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண் இருந்தால், ‘செட் உரசுது’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாட்டி தாத்தாவோடு வாழும் மாணவர்களே, இதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

யார் பல் கட்டலாம்?

மரம் சீவியவரின் நாட்டில் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் கிடைப்பது அரிதாக இருந்தது. சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1929இல்தான் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. பட்டமில்லாமல் அனுபவத்தால் பல் கட்டியவர்கள் பலர் தொழில் செய்தார்கள். 1948ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பட்டம் பெற்றோரையும் அப்படி அனுபவத்தால் தொழில் செய்தோரையும் தனித்தனிப் பிரிவில் பதிந்தது. பின்னர் 1971ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் வந்தது. 1972இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் தொடங்கியது. நீரில் ஃபுளோரைடு சேர்ப்பதை நாடு கொள்கையாக ஏற்றதும் அதே 1972இல்தான்.

இன்று நடைமுறையில் இருப்பது 2018ஆம் ஆண்டின் சட்டம். 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. பதிவு பெறாமல் பல் மருத்துவம் செய்வோருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்பவர்கள், கென்னடியின் முதல் வகையை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் ஒட்டுபவர் இடைவெளியை மட்டும்தான் பார்க்கிறார். எந்தப் பல் தாங்கும், ஈறு எவ்வளவு அமுங்கும் என்று அவர் பார்ப்பதில்லை. வலித்தால் திரும்பிப்போக முகவரியும் இருப்பதில்லை. அரசு பல் மருத்துவ நிலையத்தில் காத்திருக்க வேண்டி வரலாம். ஆனால் கட்டணம் குறைவு, திருத்தத்துக்குத் திரும்பிப் போகலாம்.

வகுப்பில் பயன்படுத்த

ஆசிரியர்களே, இக்கட்டுரையைக் கருத்துணர்தல் பகுதியாகவோ கட்டுரைப் பயிற்சியாகவோ பயன்படுத்தலாம். சில வினாக்கள்:

1. மயக்க மருந்து, வல்கனைட் ஆகிய இரண்டில் ஒன்று மட்டும் வந்திருந்தால் பல்செட் எளியவர்களைச் சென்று சேர்ந்திருக்குமா? காரணம் தருக.

2. ‘ஒரு பொருளை விளைவிப்பவர்க்கே அதன் பயன் கடைசியாகக் கிடைக்கிறது.’ இக்கருத்தை ரப்பர் வரலாற்றைக் கொண்டு ஆராய்க.

3. த, ந, வ ஆகிய எழுத்துகளின் பிறப்பைக் கண்ணாடி முன் ஒலித்துப் பார்த்து எழுதுக. முன்பல் இல்லையென்றால் எவ்வெழுத்துகள் சிதையும்?

4. பல்செட் அணிந்த உங்கள் குடும்பப் பெரியவர் ஒருவரை நேர்காணுங்கள். எங்கே கட்டினார், எத்தனை முறை திருத்தப் போனார், இப்போது அணிகிறாரா என்று கேட்டு 120 சொற்களில் எழுதுங்கள்.

நான்காவது வினாவுக்கு வரும் விடைகளில், ‘டம்ளரில் கிடக்கிறது’ என்ற பதில் கண்டிப்பாக இருக்கும். அந்த மாணவரிடம், பெரியவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை மருத்துவரிடம் போய்வரச் சொல்லுங்கள். செட்டையும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.